அதே ஊசி, இரண்டு முகங்கள்: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அக்காளும் தங்கையும் ஒன்றாக வந்து ஒரே ஊசியைக் கேட்டதால்தான் இந்த நிகழ்வை எழுதி வைக்கத் தோன்றியது. அக்காளுக்கு வயது 49. காவேரிப்பட்டினத்துக்கு அருகில் மாந்தோப்பையும், அதன் ஓரமாக முக்கால் ஏக்கர் தக்காளியையும் பார்த்துக்கொள்கிறவர். தங்கைக்கு 44. ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்தால் வெயில் தணிந்த பிறகே வெளியே வருகிறவர். ஒரே தாய் தந்தை, ஒரே நிறம், ஒரே முகவெட்டு. ஆயினும் ஐப்பசி முதல் வாரத்தில் இருவரும் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது, இடையில் ஐந்து வயதுதான் வித்தியாசம் என்பதை நம்புவது எனக்கே கடினமாக இருந்தது. அக்காளின் மூத்த மகளுக்குத் தை மாதக் கடைசியில் திருமணம். கையில் 15 வாரம் இருந்தது.

"எனக்குப் போட்ட அதே ஊசியை அக்காவுக்கும் போட்டு விட்டுடுங்க டாக்டர். கல்யாண போட்டோல முகம் பளிச்சுன்னு இருக்கணும்" என்றார் தங்கை. அக்காள் எதுவும் பேசவில்லை. முந்தானையால் கன்னத்தை மறைத்தபடியே இருந்தார்.

முகப்பொலிவுக்கான ஊசிகளை ஒப்பிடும்போது எது சிறந்தது என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது என்பது என் கருத்து. முகம் மூப்படைவது ஓரிடத்தில் நடப்பதில்லை. தசை இழுத்து இழுத்துக் கோடு விழுவது ஒன்று, கொழுப்பும் எலும்பும் குறைந்து குழி விழுவது ஒன்று, உள்தோலைத் தாங்கும் கொலாஜன் என்ற புரதம் தளர்வது ஒன்று, மேல்தோலில் நிறமி குவிவது ஒன்று. ஒவ்வோர் ஊசியும் இவற்றுள் ஓர் அடுக்கில் மட்டுமே வேலை செய்யும். குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியாமல் ஊசியின் பெயரைச் சொல்லிக் கேட்பது, எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று பாராமல் மடையைத் திறந்துவிடுவதைப் போன்றது. (இருவரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.)

வரலாறு

அக்காளுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, அதாவது ஏறத்தாழ 22 ஆண்டுகளாக, இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டிலும் மங்கு இருக்கிறது. பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தாமல் இருந்தவர், மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய பிறகு ஊர் மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசத் தொடங்கியிருக்கிறார். தீர்ந்துபோன குழாயைக் கொண்டு வரச் சொல்லிப் பார்த்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டான மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. மருத்துவர் சீட்டோடு, கண்காணிப்போடு, சில வாரங்கள் மட்டும் பூச வேண்டிய களிம்பு அது. இவர் இரண்டு ஆண்டுகளாக, காலையும் இரவும், ஸ்நோ பூசுவதைப் போலப் பூசி வந்திருக்கிறார். முதல் மாதம் முகம் தெளிந்ததாகவும், பிறகு நிறுத்தினால் எரிச்சல் வந்ததாகவும், அதனால் நிறுத்தாமலே தொடர்ந்ததாகவும் சொன்னார். முகத்தில் ஸ்டீராய்டு பழகிவிட்ட எவரைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்.

தங்கை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு மையத்தில் நெற்றிக்கு ஊசி போட்டுக்கொண்டவர். ஓராண்டு கழித்து மீண்டும் ஒருமுறை. "போடாக்ஸ்" என்றார். அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். மண்ணள்ளும் இயந்திரம் எதுவானாலும் ஜேசிபி என்று நாம் சொல்வதைப் போல, எந்த நிறுவனத்தின் போட்டுலினம் நச்சானாலும் இப்போது அந்தப் பெயராலேயே வழங்குகிறது. உண்மையில் எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்தப் புள்ளிகளில் என்று எழுதிய தாள் எதுவும் அவரிடம் இல்லை. ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் சமமல்ல என்பதால், பதிவில்லாத பழைய சிகிச்சை இல்லாததற்குச் சமம். குப்பியின் ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் இன்னும் வரவில்லை. தங்கநகைக்கு ஹால்மார்க் பார்க்கிறோம். முகத்துக்குள் போகும் மருந்துக்குப் பார்ப்பதில்லை.

பரிசோதனை

அக்காளின் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது சுருக்கம் அல்ல, நிறம். மங்கின் பரப்பையும் அடர்த்தியையும் கணக்கிடும் மாசி (MASI) அளவீட்டில் 48க்கு 14.6 வந்தது. புற ஊதா ஒளி வீசும் வுட்ஸ் விளக்கின் கீழ் சில பகுதிகள் தெளிவாகத் தெரிந்தன, சில மங்கலாக மறைந்தன. நிறமி மேல்தோலிலும் உள்தோலிலும் கலந்திருக்கிறது என்று பொருள். கன்னத்தோல் மெலிந்து மெல்லிய சிவப்பு நாளங்கள் தெரிந்தன. காதோரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. இவை களிம்பின் வேலை. புருவ மத்தியில் ஆழமான இரண்டு செங்குத்துக் கோடுகள், கண்ணோரங்களில் விசிறிக் கோடுகள். வெயிலில் கண்ணைச் சுருக்கியே முப்பது ஆண்டுகள் வேலை செய்த முகத்தில் இவை இல்லாமல் இருந்தால்தான் வியப்பு. கன்னங்கள், குறிப்பாக இடப்பக்கம், உள்வாங்கியிருந்தன.

அந்த உள்வாங்கலைத்தான் தங்கை "ஃபில்லர் போட்டா சரியாயிடும்ல" என்று கேட்டார். வாயைத் திறக்கச் சொன்னேன். இடப்பக்கம் மேலும் கீழுமாக மூன்று கடைவாய்ப் பற்கள் இல்லை. மிச்சமிருந்த பற்களில் பழுப்புக் கறை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு இந்தப் பக்கத்துப் பற்களில் எழுதி வைக்கும் முகவரி அது. கன்னத்தை உள்ளிருந்து தாங்கப் பல் இல்லாதபோது வெளியிலிருந்து ஊசியால் முட்டுக்கொடுப்பது முறையல்ல. பல் மருத்துவருக்குச் சீட்டு எழுதினேன். ஒப்பீட்டில் ஹயலுரானிக் நிரப்பி (பள்ளத்தை உள்ளிருந்து தூக்கும் ஜெல், தங்கை சொன்ன ஃபில்லர்) தோற்றுப்போனது இப்படித்தான்.

இமையின் உட்புறம் வெளிறியிருந்ததால் இரத்தம் பார்க்கச் சொன்னேன். ஹீமோகுளோபின் 8.9. மாதவிலக்கு ஒழுங்கு தவறி, வரும்போது பத்து நாள் வரை அதிகமாகப் போவதாகத் தனியாகக் கேட்டபோது சொன்னார். மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்ப வேண்டியிருந்தது. பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வந்தவரின் முகம் மங்கலாகத் தெரிந்ததற்குத் தோலுக்குக் கீழே ஓடும் இரத்தமும் ஒரு காரணம். மாதவிலக்கு நின்றபின் முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. அந்த வாசலில்தான் இவர் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தடயம் முகத்தில் இல்லை, வலது முன்கையில் இருந்தது. ஆனி மாதம் பெங்களூரா ரக மாங்காய் இறக்கும்போது காம்பிலிருந்து மாம்பால் பீய்ச்சியடித்த இடம். தெறித்த துளிகள் அப்படியே கரும்புள்ளிகளாக நிலைத்திருந்தன. மாமரம் சேங்கொட்டை, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பாலில் உள்ள பொருள் சேங்கொட்டைப் பாலைப் போலவே தோலைப் பொசுக்கும். பொசுங்குவது யாருக்கும் நடக்கும். ஆனால் நான்கு மாதம் கழித்தும் அந்தக் கருமை மறையாமல் இருந்ததுதான் செய்தி: காயம் எதுவானாலும் இந்தத் தோல் கறுப்பாகவே பதில் சொல்லும். அப்படிப்பட்ட தோலில் கன்னம் முழுவதும் நூறு இடத்தில் ஊசியால் குத்தும் எந்தச் சிகிச்சையையும் தொடங்குமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். இதை நான் பின்னர் ஒருமுறை மறந்தேன், அதையும் எழுதுகிறேன்.

தங்கையின் முகத்தில் மங்கு இல்லை. நெற்றியில் கிடைக்கோடுகளும் புருவ மத்திக் கோடுகளும் முகத்தை அசைக்கும்போது மட்டும் தெரிந்தன. தோல் சற்று வறண்டு, கன்னத்தில் மெல்லிய வரிகள் இருந்தன. கண்ணுக்குக் கீழே கருவளையம். அதற்கும் ஃபில்லர் கேட்டார். விரலால் கீழிமையின் தோலை மெல்ல இழுத்துப் பார்த்தேன், கருமை கலையவில்லை. பள்ளத்தின் நிழலாக இருந்திருந்தால் கோணம் மாறும்போது மாறியிருக்கும். இது நிறமியும், மெல்லிய தோலின் அடியே தெரியும் நாளங்களும். நிரப்பி அதைப் போக்காது. அங்கே தோல் மெலிந்திருப்பதால் கட்டி கட்டியாகத் தெரியவும் கூடும்.

ஊசிகளை எடைபோட்ட விதம்

போட்டுலினம் நச்சு. கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியாவின் நஞ்சை முகத்தில் போடுகிறார்கள் என்று கேட்டால் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செல்லும் அசிட்டைல்கோலின் என்ற செய்தியை அது தடுக்கிறது; செய்தி வராத தசை ஓய்வெடுக்கிறது; மேலே இருக்கும் தோல் மடிவதில்லை. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைத்துடிப்புக்காக இந்த ஊசி போட்டுக்கொண்டவரின் புருவ மத்திக் கோடுகளும் மறைந்ததைக் கவனித்து, தோல் மருத்துவரான கணவர் அலஸ்டருடன் சேர்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இதன் அழகுப் பயன்பாடு விரிந்தது. புருவ மத்திக் கோடுகளுக்கு அமெரிக்க ஒப்புதல் 2002இல் கிடைத்தது. முறையான அளவு ஐந்து புள்ளிகளில் நான்கு யூனிட் வீதம் 20 யூனிட். மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப்பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் தசை பழைய நிலைக்குத் திரும்பும். தோலின் நிறத்தையோ தரத்தையோ இது மாற்றாது. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் தசைக்களைப்பு நோய் உள்ளவர்களுக்கும் கூடாது. அக்காளின் புருவ மத்தி தசையின் குறை. ஆகவே அந்த ஓரிடத்தில் தங்கை சொன்னது சரி.

சிற்றூர் மருத்துவருக்கு இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. 100 யூனிட் குப்பி பெங்களூரிலிருந்து பனிப்பொதியோடு வருகிறது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உப்புநீரில் கரைத்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது அதன் குறிப்பு. பெருநகரத்தில் ஒரே நாளில் ஐந்து பேர் வந்து குப்பியைத் தீர்த்துவிடுவார்கள். இங்கே நான் மூன்று பேருக்குச் சொல்லி வைத்து ஒரே ஞாயிற்றுக்கிழமை வரச் செய்கிறேன். "எப்ப வேணா வாங்க, போட்டுடலாம்" என்று சொல்லும் இடத்தில் குப்பி எப்போது கரைக்கப்பட்டது என்று கேட்பது நல்லது.

ஹயலுரானிக் அமிலம். 1934இல் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து பிரித்த பொருள்; நம் தோலிலும் இயல்பாகவே இருந்து நீரைப் பிடித்து வைக்கிறது. உடல் அதை ஓரிரு நாளில் சிதைத்துவிடும் என்பதால், இழைகளை வேதிப்பிணைப்பால் முடிச்சிட்டு ஜெல்லாக்கினால் அது நிரப்பி. பள்ளத்தைத் தூக்கி ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். முடிச்சு மிகக் குறைவாகவோ இல்லாமலோ உள்தோலில் பரவவிட்டால் அது ஸ்கின் பூஸ்டர். எதையும் தூக்காது, வறண்ட தோலுக்கு ஈரத்தையும் மென்மையையும் கொடுக்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக் காசு கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிரப்பி ஒரு மில்லி இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும். பெங்களூரா கிலோ பத்து ரூபாய்க்குப் போகும் ஆண்டில் அது இரண்டு டன் மாங்காய்.

நிரப்பியின் பெருமை, வேண்டாமென்றால் ஹயலுரானிடேஸ் என்ற நொதியால் கரைத்துவிடலாம் என்பது. அதன் ஆபத்து, தமனிக்குள் போய்விட்டால் தோல் கருகலாம், கண்ணே போகலாம் என்பது. புருவ மத்தி, மூக்கு ஆகியவற்றின் நாளங்கள் விழித்திரையின் நாளத்தோடு தொடர்புடையவை. விழித்திரை இரத்தமின்றி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலைக் கணக்கில் கொண்டால் எப்படிப் போனாலும் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்து சிகிச்சை தொடங்க முடியாது. எனவே என் குளிர்பெட்டியில் ஹயலுரானிடேஸ் எப்போதும் இருந்தாலும், அந்த இரண்டு இடங்களில் நிரப்பி போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். அக்காளின் புருவ மத்தியில் கோடு ஆழமாக இருந்தும் நச்சோடு நிறுத்தியதற்குக் காரணம் இது. வேறு ஊரில் வேறு மருத்துவர் வேறு முடிவெடுக்கலாம்.

கொலாஜனைத் தூண்டும் பாலி-எல்-லாக்டிக் அமிலம், கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட் இரண்டையும் வெகுநேரம் பேசவில்லை. பலன் மெதுவாக, மாதக்கணக்கில் வரும். தோலுக்கடியில் கட்டி விழுந்தால் கரைக்க நொதி கிடையாது. திருமணத்துக்கு 15 வாரம் இருக்கையில் தொடங்கும் சிகிச்சை அல்ல.

பி.ஆர்.பி. எனப்படுவது, நம் இரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரித்த தட்டணுக்களை முகத்தில் போடும் ஊசி. அதை, சொந்த இரத்தம்தானே என்ற நம்பிக்கையால் நம் மக்கள் எளிதாக ஏற்கிறார்கள். சில முறை போட்டால் தோலின் தன்மை சற்று மேம்படுகிறது. ஆனால் இரத்தத்தைச் சுழற்றும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரு மையத்தின் பலனை இன்னொன்றிடம் எதிர்பார்க்க இயலாது. சொந்த இரத்தம் என்பதால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமமற்ற ஓர் அழகு நிலையத்தில் இச்சிகிச்சை எடுத்தவர்களுக்கு எச்.ஐ.வி. பரவியதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் பதிவு செய்தது. அக்காளுக்கு இது முதல் நாளே கழிந்துவிட்டது: ஹீமோகுளோபின் 8.9 உள்ளவரிடமிருந்து அழகுக்காக இரத்தம் எடுப்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

மங்குக்கென்று ஓர் ஊசி உண்டு: டிரானெக்ஸாமிக் அமிலத்தை மில்லிக்கு 4 மி.கி. வீதம் நீர்த்து உள்தோலில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நுண்துளிகளாகப் போடுவது. அதே மருந்தை மாத்திரையாகவும் கொடுக்கலாம்.

நடந்தது

முதல் வேலையாகக் களிம்பை நிறுத்தினேன். திடீரென்று நிறுத்தாமல், வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோனுக்கு இறக்கி, பத்து நாளில் அதையும் விலக்கி, அழற்சியை அடக்க டாக்ரோலிமஸ் களிம்பும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் கொடுத்தேன். இரும்புச் சத்து மாத்திரை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 50, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, காலையில் ஒருமுறையும் தோப்பில் இருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும். நம் நிறத்துத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமன்றிக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். வெள்ளை சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது, இரும்பு ஆக்சைடு தடுக்கும்.

இரண்டாவது வாரத்தில் முகம் சிவந்து எரிந்தது. எதிர்பார்த்ததுதான், முன்கூட்டியே சொல்லியும் இருந்தேன். ஆனாலும் இரவு ஒன்பது மணிக்குத் தங்கை போன் செய்து, "அழகுக்கு வந்தோம், இப்படி ஆயிடுச்சே" என்றபோது பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. மூன்றாம் வாரம் அடங்கியது. நான்காம் வாரத்தில் நிறமியைக் குறைக்கும் அஸெலாயிக் அமிலக் களிம்பையும், இரத்தக்கட்டு, பக்கவாதம் எதுவும் குடும்பத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு டிரானெக்ஸாமிக் அமிலம் 250 மி.கி. மாத்திரையை நாளுக்கு இருமுறையும் தொடங்கினேன். அதிக உதிரப்போக்குக்கு மகப்பேறு மருத்துவர்கள் பெரிய அளவில் எழுதும் மருந்தே அது. இதைக் கேட்ட பிறகுதான் அக்காளுக்கு அதன்மேல் நம்பிக்கை வந்தது.

ஆறாவது வாரத்தில் என் தவறு. மாத்திரையின் பலன் மெதுவாக வருவதைப் பார்த்துத் தங்கை ஊசியைப் பற்றிக் கேட்க, நானும் வேகப்படுத்தலாம் என்று எண்ணி, அக்காளின் இடது கன்னத்தில் காதோரமாக இரண்டு சென்டிமீட்டர் சதுரத்தில் டிரானெக்ஸாமிக் நுண்துளிகளைச் சோதனையாகப் போட்டேன். எட்டாவது வாரத்தில் ஒன்பது புள்ளிகளில் நான்கு கடுகளவு கருத்து நின்றன. மாம்பால் அவர் கையில் எழுதிக் காட்டியிருந்ததை நான் படித்தும் பொருட்படுத்தாமல் விட்டதன் பலன். சிறிய சோதனையாகப் போட்டதால் தப்பித்தேன்; முழுக் கன்னத்திலும் போட்டிருந்தால் தை மாதத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இருந்திருக்காது. அத்தோடு அவர் கன்னத்தில் ஊசி படக் கூடாது என்று கோப்பின் முதல் பக்கத்தில் எழுதினேன். ஸ்கின் பூஸ்டர் யோசனையும் அங்கேயே நின்றது.

ஒன்பதாவது வாரம், சொல்லி வைத்த ஞாயிறு. அக்காளுக்குப் புருவ மத்தியில் 20 யூனிட், கண்ணோரங்களில் பக்கத்துக்கு 6, ஆக 32 யூனிட். தசைக்குள் போகும் சில குத்துகள் மெல்லிய கன்னத்தோலில் நூறு குத்துகளைப் போன்றவை அல்ல. மங்கு இல்லாத இடங்கள் வேறு. திருமணத்துக்கு ஆறு வாரம் முன்னதாக வைத்ததற்கு இரண்டு காரணங்கள்: கன்றிப்போனாலும் இமை இறங்கினாலும் சரியாக அவகாசம் வேண்டும், முழுப்பலன் நலங்கு நாளுக்குள் நிலைத்திருக்க வேண்டும். அன்று முகத்தைத் தேய்க்கவோ அமுக்கவோ கூடாது, நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது என்றேன். தங்கைக்குப் புருவ மத்தியில் 20, நெற்றியில் 8 யூனிட். நெற்றிக்கு மட்டும் போட்டால் போதும் என்றார், மறுத்தேன். நெற்றித் தசைதான் புருவத்தைத் தூக்கிப் பிடிப்பது, அதை மட்டும் ஓய்வெடுக்க வைத்தால் புருவம் இறங்கி முகம் களைத்துத் தெரியும். அவருடைய வறண்ட கன்னங்களுக்கு 2 மில்லியில் 64 மி.கி. கொண்ட ஸ்கின் பூஸ்டர், பக்கத்துக்கு ஐந்து புள்ளிகளில், ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டேன். ஓரிரு நாள் கொசு கடித்ததைப் போல் தடித்திருந்து அடங்கியது. கரும்புள்ளி ஒன்றுகூட விழவில்லை. அக்காளும் தங்கையும்தான், தோல் ஒன்றுதான். முப்பது ஆண்டு வெயிலும் இரண்டு ஆண்டு களிம்பும் அதை இரண்டாக்கியிருந்தன.

மணப்பெண்ணுக்கு வெள்ளையாக்கும் ஊசி வேண்டும் என்ற பேச்சு மூன்றாவது வருகையில் எழுந்தது. தங்கை தானே ஓர் அழகு நிலையத்தில் நான்கு முறை குளூட்டதையோன் ஏற்றிக்கொண்டதை அப்போதுதான் சொன்னார். தோலை வெளுக்கச் செய்வதற்கென்று அந்த ஊசி நம் நாட்டில் அனுமதிக்கப்பட்டதில்லை. பிலிப்பீன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011லேயே சிறுநீரகம், தைராய்டு, உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை ஆகியவற்றைச் சுட்டி எச்சரித்திருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு 24 வயது, முகத்தில் ஒரு குறையும் இல்லை. சன்ஸ்கிரீன் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

பதின்மூன்றாவது வாரத்தில் நான் கேட்காமல் இருந்திருந்தால் தெரியாமலே போயிருக்கும் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். திருமண நாளில் வீட்டு விலக்கு வந்துவிடக் கூடாது என்று தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி வைத்திருந்தார் அக்காள். நம் வீடுகளில் கல்யாணம், கோயில் விசேஷம் என்றால் சாதாரணமாக நடப்பது. ஹார்மோன் மாத்திரையோடு டிரானெக்ஸாமிக் அமிலம் சேர்ந்தால் காலில் இரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். டிரானெக்ஸாமிக் மாத்திரையை அன்றே நிறுத்தினேன். தள்ளிப்போடும் மாத்திரையை மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம் என்றேன். மங்குக்கு மாத்திரை எழுதும் மருத்துவர் பெண்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று. நான் அதை நான்காவது வாரமே கேட்டிருக்க வேண்டும்.

முடிவு

திருமணத்துக்கு ஐந்து நாள் முன் மீண்டும் அளந்தேன். அக்காளின் மாசி எண் 14.6லிருந்து 7.8க்கு வந்திருந்தது. ஹீமோகுளோபின் 11.2. புருவ மத்திக் கோடுகள் ஆழ்ந்த தடமாக இருந்தது மாறி, உற்றுப் பார்த்தால் தெரியும் கீற்றாகியிருந்தன. கழற்றி மாட்டும் பல்செட் பொருந்தியதால் இடக்கன்னம் நிரம்பி, வலப்பக்கத்துக்கு இணையாக வந்திருந்தது. முகத்தில் நான் கண்ட மாற்றங்களில் பெரியது அதுதான், அதில் என் கை எதுவும் இல்லை. ஊசி போட்ட நான்கு புள்ளிகளும் மங்கலாக இன்னும் இருந்தன. தங்கையின் நெற்றி சமனாகவும் கன்னம் ஈரப்பதத்தோடும் இருந்தது; கருவளையம் இருந்தபடியே இருந்தது.

வைகாசியில் இருவரும் மீண்டும் வந்தார்கள். தங்கைக்கு நெற்றி அசையத் தொடங்கியிருந்தது, மறுபடி போட்டுக்கொண்டார். இந்த முறை குப்பியின் ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அக்காளின் புருவ மத்தியும் பழையபடி சுருங்கியது. மங்கு சற்றே கூடி எண் 9.0 ஆகியிருந்தது, சித்திரை வெயிலில் தோப்பில் நின்றவருக்கு அவ்வளவோடு போனது நல்லதுதான். முழங்கை வரை சட்டை, தலையில் துண்டுக்கு மேல் அகன்ற ஓலைத்தொப்பி, காய் இறக்கும் நாளில் முகத்துக்கு மெல்லிய துணி என்று பழகியிருந்தார். புருவ மத்திக்கு மறுபடியும் போடலாமா என்று கேட்டேன். "காய் இறக்கி முடியட்டும் டாக்டர், அதுவரைக்கும் சுருங்கத்தானே போகுது" என்றார். சன்ஸ்கிரீன் மட்டும் மூன்று குழாய் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.